மார்கழியில் காய்த்த கோடைப் பூசணி

விதைப் பாக்கெட்டின் மேல் ‘சம்மர் ஸ்குவாஷ்’ என்று போட்டிருந்தது. சம்மர் என்றால் கோடை. நமக்குக் கோடை என்றால் சித்திரை. அதனால் 2022 ஏப்ரலில், பங்குனி கடைசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பத்து விதைகளையும் ஊன்றினேன். அந்த ஒரு சொல்லை நம்பியதற்கு விலை 60 ரூபாயும் மூன்று மாதமும்.

கடைகளில் சுக்கினி என்று விற்கிறார்களே, பார்க்க வெள்ளரிக்காய் போல, கரும்பச்சையாக, அதுதான். மஞ்சள் நிறத்திலும் உண்டு. தட்டையாக, விளிம்பெல்லாம் நெளிநெளியாக ஒரு வகையும் உண்டு. வட இந்தியாவில் சப்பன் கத்து என்கிறார்கள். எங்கள் வீட்டில் இது வந்த கதை சாதாரணமானது. மகள் ஏதோ விருந்தில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டாள், கடையில் விலை கேட்டேன், விதை வாங்கிவிட்டேன். சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் வருடா வருடம் போடுகிற வீடு. இதுவும் அந்தக் குடும்பம்தானே, என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு.

நினைப்பு முதலில் தவறியது பந்தலில். முளை வந்ததும் நான்கு மூங்கில் நட்டு, கம்பி இழுத்து, கயிறு கட்டி வைத்தேன். செடி ஏறவே இல்லை. பற்றுக்கம்பி விடும், சுற்றிக்கொண்டு மேலே போகும் என்று மூன்று வாரம் பார்த்தேன். அது பாட்டுக்கு நட்ட இடத்திலேயே உட்கார்ந்து, குடை குடையாக இலையை விரித்து, மூன்றடி அகலத்துக்குப் பரந்துகொண்டது. பெரும்பாலான சுக்கினி ரகங்கள் கொடி இல்லை, புதர்ச்செடி. அம்மா அந்தப் பந்தலில் துணி காயப்போட ஆரம்பித்தார்.

முளைத்த எட்டும் ஒன்றரை அடி இடைவெளியில் இருந்தன. ஒன்றின் இலை இன்னொன்றின் முகத்தில். மே மாதம் பூக்கள் வந்தன, அத்தனையும் ஆண் பூ. வெயில் 36, 37 டிகிரியில் நின்றது. பதினொரு மணிக்கெல்லாம் இலைகள் வெந்த கீரை போலத் தொங்கும், சாயங்காலம் நிமிரும். வெள்ளை ஈ வந்தது. அதன் பின்னாலேயே இலைகள் சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறின. தேமல் நோய், வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிவது ஒன்றுதான் வழி. ஜூலையில் மிச்சம் இருந்த ஒரு செடியில், கட்டை விரல் நீளத்துக்கு, வளைந்த ஒரு காய் வந்தது. மகள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் அந்த ‘சம்மர்’ என்ன என்று படித்துப் பார்த்தேன். தோல் முற்றுவதற்கு முன் பிஞ்சாகப் பறித்து, கோடையிலேயே தின்று தீர்க்க வேண்டியது என்பதால் அந்தப் பெயர். தோல் கெட்டிப்பட்டு, பனிக்காலம் முழுக்கப் பரணில் வைத்திருக்கக்கூடிய பூசணிகளை மேல்நாடுகளில் ‘விண்டர் ஸ்குவாஷ்’ என்கிறார்கள். ஆக, பெயர் நடும் பட்டத்தைச் சொல்லவில்லை, தின்னும் காலத்தைச் சொல்கிறது. சரி, அவர்கள் கோடையில்தானே வளர்க்கிறார்கள்? வளர்க்கிறார்கள். ஆனால் அது எந்த ஊர்க் கோடை? இந்தப் பூசணி இனத்தின் பூர்வீகம் மெக்ஸிகோ. அங்கே வஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. ஆனால் சுக்கினி என்ற இந்த நீள உருவம் இத்தாலியின் வடக்கே, மிலான் பக்கத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஜூலை மாதம் மிலானில் பகல் சுமார் 30 டிகிரி, இரவு 20-ஐ ஒட்டி. கோவையில் இந்தக் கணக்கு எப்போது வரும்? டிசம்பர், ஜனவரியில். அவர்கள் கோடை நம் மார்கழி!

இன்னொரு விஷயமும் அப்போது பிடிபட்டது. இந்தக் குடும்பத்துச் செடிகளில் வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும். குளிர்ச்சியும் குறைந்த பகலும் பெண் பூவைக் கூட்டும். சித்திரையில் நட்ட எனக்கு ஆண் பூவாகவே வந்ததில் செடியின் குற்றம் ஒன்றும் இல்லை.

அந்த வருடமே நவம்பர் நடுவில் மறுபடி ஆரம்பித்தேன். ஐப்பசி மழை ஓய்ந்துவிடும் என்று கணக்கு. ஓயவில்லை. நேரடியாக மண்ணில் ஊன்றிய நான்கு விதையில் இரண்டு அழுகின, மூன்றாவதை நத்தை தின்றது, நான்காவது மட்டும் பிழைத்தது. பிறகு காகித டீ கப் வாங்கி, அடியில் நான்கு ஓட்டை போட்டு, மழை படாத போர்டிகோவில் வைத்து முளைக்கவிட்டேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். விதை பரங்கி விதை மாதிரியே தட்டையாக இருக்கும். அரை அங்குலத்தில் இருந்து ஒரு அங்குல ஆழம் போதும். படுக்கவைத்தோ கூர் முனை கீழே இருக்கும்படியோ போடுங்கள். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும் என்பார்கள், நான் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. முன்பு ஒருமுறை மறந்து இரண்டு நாள் ஊறவிட்டதில் நாற்றம்தான் மிச்சம். ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு வரும், ஆறாம் நாள் வித்திலை இரண்டும் விரியும். அதுவரை ஈரம் இருக்க வேண்டும், சொதசொதப்பு கூடாது.

இதற்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. கத்தரி, தக்காளி நாற்றைப் போலப் பிடுங்கி நடுகிற வேலை இங்கே நடக்காது. உண்மையான இலை இரண்டு வந்ததும், கப்பை அடியோடு கிழித்துவிட்டு மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்கிவிட வேண்டும். நாள் கடத்தினால் வேர் கப்புக்குள் சுற்றிக்கொள்ளும், பிறகு செடி நெடுநாள் முறைத்துக்கொண்டே நிற்கும். முளைத்து பன்னிரண்டு நாளுக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை.

இந்த இரண்டாம் முறை நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு இலை வந்த பிறகு, இலை நரம்புகளை ஒட்டி வெள்ளி பூசினாற்போலத் திட்டுகள் தெரிந்தன. சாம்பல் நோய் என்று முடிவு கட்டி, வேப்ப எண்ணெய் அடித்தேன். போகவில்லை. சரி, பரவாமல் இருக்கட்டும் என்று அந்த இலைகளை எல்லாம் வெட்டிப் போட்டேன். ஒரு செடியை மொட்டையாக்கிவிட்டேன் என்றே சொல்லலாம். கடைசியில் தெரிந்தது, பல சுக்கினி ரகங்களுக்கு இலையின் இயல்பே அதுதான்! விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நோய் என்றால் மாவு போல விரலில் ஒட்டும். இயல்பான வெள்ளி தேய்த்தாலும் போகாது, இலைக்கு இலை ஒரே மாதிரிக் கோலத்தில், நரம்பு பிரியும் இடங்களில் இருக்கும். எந்தப் பாக்கெட்டிலும் இதை ஒரு வரி போடக் கூடாதா?

டிசம்பர் மூன்றாம் வாரம் பூ ஆரம்பித்தது. இந்த முறை தலைகீழ். முதல் மூன்றும் பெண் பூ, ஆண் பூ ஒன்றுகூட இல்லை. குளிரில் இப்படி நடக்குமாம். காம்புக்கும் பூவுக்கும் நடுவில் சுண்டு விரல் அளவில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. வெறும் மெல்லிய நீண்ட காம்பாக இருந்தால் ஆண் பூ. அந்த மூன்று குட்டிக் காய்களும் நுனியில் மஞ்சளாகி, நான்காம் நாள் அழுகி விழுந்தன. பரவாயில்லை, ஆண் பூ மொட்டுகள் வருகின்றன, இனிமேல் பிடிக்கும் என்று இருந்தேன். மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியும் ஒன்றும் பிடிக்கவில்லை. தினமும் எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போவேன். பெண் பூ பாதி வாடி இருக்கும். ஆண் பூவைக் காணோம்.

சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் காய் நுனி அழுகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. முட்டை ஓட்டைப் பொடி செய்து போட்டேன், அது போதாதென்று கால்சியம் பாட்டில் ஒன்று 280 ரூபாய்க்கு வாங்கி ஊற்றினேன். அந்த நுனி அழுகல் நிஜமாகவே உண்டு. ஆனால் அது, பிடித்து நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் காயில், தண்ணீர் ஒருநாள் வெள்ளமும் ஒருநாள் வறட்சியுமாகப் பாயும்போது வருவது. என்னுடையது வளரவே ஆரம்பிக்காத பிஞ்சு. வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பந்தலில் புடலையும் பீர்க்கும் போட்டு முப்பது வருடம் ஓட்டியவர். ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “மருந்தெல்லாம் இருக்கட்டுங் தம்பி. ஆம்பளப் பூவு எங்கீங்க?” என்றார். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். “உங்க வாசல்ல பாருங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

வாசலில் கோலம். கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார், ஐந்து உருண்டை. ஒவ்வொன்றின் தலையிலும் பளபளவென்று ஒரு மஞ்சள் பூ.

எங்கள் பக்கம் பரங்கிக்காயை அரசாணிக்காய் என்போம். மார்கழி என்றால் அரசாணிப் பூவுக்கு வாசல்வாசலாகக் கிராக்கி. ஊரில் இருந்தவரை அம்மாவுக்குப் பூ தேடும் வேலை இல்லை, குப்பைமேட்டிலேயே கொடி கிடக்கும். வடவள்ளிக்கு வந்த பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வருடம் வீட்டிலேயே பூக்கிறது என்றதும், விடிவதற்குள் அத்தனையையும் கிள்ளிக்கொண்டு போயிருக்கிறார். நான் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் அசரவில்லை. “ஏங்கண்ணு, பிஞ்சு தொங்கற பூவ எவளாச்சும் கிள்ளுவாளா? வெறும் பூவத்தான் கிள்ளறேன். அது எப்பிடியும் விழுகற பூவு.”

பாருங்கள், ஆணையும் பெண்ணையும் இனம்பிரிக்க நான் வாரக் கணக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது ஐம்பது வருடக் கைப்பழக்கம். காய் தரும் பூவைத் தொடாமல் தராத பூவை மட்டும் கிள்ள வேண்டும் என்பது கோலம் போடுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு கொடியில் ஐம்பது ஆண் பூ பூக்கும் அரசாணிக்கு அந்தக் கணக்கு சரி. நான்கே செடி, நாளைக்கு மூன்று ஆண் பூ என்கிற இடத்தில்தான் இடித்தது.

பொதுவாகச் சொல்லித்தருவது, ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டை நேராகப் பெண் பூவுக்குள் தடவுவது. அப்படிச் செய்தால் கோலத்துக்குப் பூ மிஞ்சாது. மகளுடைய வாட்டர் கலர் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நுனி மெல்லியதாக, சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். ஆண் பூவுக்குள் பிரஷை விட்டு இரண்டு சுற்று சுற்றினால் மஞ்சள்தூள் மாதிரி மகரந்தம் ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவில், பிளவுபட்டு நிற்கும் சூல்முடியின் எல்லாப் பக்கத்திலும் படும்படி தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி, வளைந்து வரும். ஜூலையில் வந்த அந்த வளைந்த காய்க்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூவை முடிக்கலாம். வேலை முடிந்ததும் இதழ் கசங்காத பூவைக் கிள்ளி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கோலம் ஆறே காலுக்குப் பதில் ஆறே முக்காலுக்கு முடிந்தது. இதில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தைகளை எல்லாம் எழுத இடம் போதாது.

நேரம்தான் இதில் முக்கியம். இந்தப் பூ விடியும்போது விரிந்து, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ஆயுள், மறுநாள் திறக்காது. எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போனால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். தேனீ பார்த்துக்கொள்ளாதா என்றால், பார்த்துக்கொள்ளும், இருந்தால். அமெரிக்காவில் பூசணிப் பூவுக்கென்றே விடிகாலையில் எழுந்து வருகிற தனித் தேனீ இனம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. எங்கள் தோட்டத்துக்குக் கொசுத்தேனீ வரும், எப்போதாவது அடுக்குத்தேனீ வரும். மார்கழிக் குளிரில் அவை சோம்பல் முறித்துக்கொண்டு வருவதற்கே எட்டு மணி ஆகிவிடுகிறது. பக்கத்தில் துளசியும் செண்டுமல்லியும் வைத்த பிறகு வரத்து கூடியிருக்கிறது. ஆனாலும் நாலைந்து செடி வைத்திருப்பவர் தேனீயை நம்பி இருக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

மழை நாளில் மகரந்தம் நனைந்து குழைந்துவிடும். மறுநாள் விரியப்போகும் மொட்டு முந்தின நாள் சாயங்காலமே நுனியில் மஞ்சள் தட்டி நிற்கும். மழை வரும் போலிருந்தால் அதன் நுனியில் துணி கிளிப் மாட்டிவிடுவேன், காலையில் எடுத்துவிடுவேன். ஒரே நாளில் ஆணும் பெண்ணும் பூக்காமல் ஏமாற்றுவதும் உண்டு. ஆண் பூ மட்டும் பூத்த அன்று, அதைப் பறித்து மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்று தடவையில் இரண்டு தடவை பிடித்தது.

அந்த வருடம் பொங்கலில் இருந்து காய் வர ஆரம்பித்தது. நான்கு செடியில் மொத்தம் 19 காய். கால்சியம் பாட்டில் இன்னும் பாதி இருக்கிறது.

மூன்றாம் முறைதான் எல்லாம் ஓரளவு கைக்கு வந்தது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. மறுநாள் கப்பில் விதை போட்டேன். மண்ணில் மூன்று செடி, மாடியில் 18 அங்குலப் பையில் மூன்று. ஒரு பைக்கு ஒரு செடி, இரக்கப்பட்டு இரண்டு வைக்கக் கூடாது. தரையில் செடிக்குச் செடி மூன்றடி. குழியை ஒரு முழ ஆழம் வெட்டி, மக்கிய தொழுவுரம் இரண்டு சட்டியும் வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடியும் மண்ணோடு கலந்து பத்து நாள் ஆறவிட்டேன். பைகளுக்கு செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சமமாக. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து அலசாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. பையில் அது இன்னும் சேர்ந்து இலை ஓரம் கருகியது. அதனால் மாடிச் செடிகளுக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது, அதை விடுங்கள்.

இந்தச் செடி பெருந்தீனி. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பத்து நாளைக்கு ஒருமுறை. மொட்டு வந்த பிறகு அதைக் குறைத்து, அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கிளறிவிட்டேன். தழைச்சத்து கூடினால் இலை யானைக் காது மாதிரி வரும், காய் வராது. தண்ணீர் காலையில், அடித்தண்டில், இலையில் படாமல். காய்ந்த தென்னை ஓலையைக் கிழித்து மூடாக்குப் போட்டதில் தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறைந்தது. காய் பிடித்த பிறகு மட்டும் ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். நான் மேலே சொன்ன நிஜமான நுனி அழுகல் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அடியில் பழுத்த இலைகளைக் காம்போடு வெட்டி, தண்டை ஒரு குச்சியில் தளர்வாகக் கட்டிவிட்டால் காற்று போகும், பூவும் கண்ணுக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இலைக்காம்பில் இருக்கும் சுணை பட்டால் ராத்திரி வரை அரிக்கும்.

பூச்சிகளில் சிவப்பு வண்டு முளைக்கும்போதே வரும், வித்திலையைச் சல்லடையாக்கும். காலையில் குளிரில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பனி ஈரத்தில் இலை மேல் சாம்பல் தூவுவது பெரியவர் சொன்ன யோசனை, நன்றாகவே வேலை செய்தது. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி, வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு வாரம் ஒருமுறை சாயங்காலத்தில். பூ விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் அடிக்காதீர்கள், வருகிற நாலு தேனீயும் போய்விடும்.

பழ ஈயிடம் மட்டும் நான் இரண்டு தடவை தோற்றேன். பிஞ்சில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதில் பிசின் ஒரு சொட்டு. வெட்டினால் உள்ளே புழு. கடையில் பழ ஈப் பொறி என்று கேட்டு வாங்கி மாட்டினேன். ஈ விழுந்தது, ஆனால் காயில் புழு குறையவில்லை. எனக்குக் கொடுத்தது மாம்பழ ஈக்கான பொறி! மாம்பழ ஈயைக் கவரும் மருந்து வேறு, பூசணி, சுரை, பாகலைத் தாக்கும் ஈயைக் கவரும் மருந்து வேறு. கேட்கும்போதே கொடிக்காய்களுக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் ஆண் ஈயைத்தான் இழுக்கும். அதனால் மகரந்தம் தடவிய மறுநாளே பிஞ்சுக்குப் பழைய காட்டன் துணியில் சின்னப் பை தைத்து மாட்டிவிடுகிறேன். குத்து விழுந்த காயை எருக்குழியில் போடக் கூடாது, பிளாஸ்டிக் கவரில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும். தை மாதப் பனியில் நிஜமான சாம்பல் நோயும் வந்தது. புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, வெயில் ஏறும் நேரத்தில் அடித்தேன். நோய் போகவில்லை, ஆனால் மூன்று வாரம் கூடுதலாகக் காய் பறிக்க அவகாசம் கிடைத்தது.

விதை போட்ட 47-ஆம் நாள் முதல் காய். பூ விரிந்து ஐந்தாறு நாளில், ஒரு ஜாண் நீளத்தில் பறித்துவிட வேண்டும். திருகாதீர்கள், கத்தியால் காம்பு ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்ற ஆசைதான் இதில் ஆகாது. அந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பினேன். வீட்டில் இருப்பவர்களிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன், பறிக்கச் சொல்லவில்லை. இலைக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு, உலக்கை மாதிரி ஒன்று கிடந்தது. உள்ளே பஞ்சும் கொட்டையும்தான். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒரு காய் முற்றத் தொடங்கினால் செடி ‘வந்த வேலை முடிந்தது’ என்று அடுத்த பிஞ்சுகளை விட்டுவிடுகிறது. அந்தச் செடி மறுபடி பிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. ஆறு செடியில் அந்தப் பருவத்தில் வந்தது 52 காய். எழுதி வைத்த கணக்கு இது. அண்டை வீடுகள் நான்கும் இதில் பங்குதாரர்கள்.

சமையலில் இதற்குத் தனி வித்தை எதுவும் வேண்டாம், சுரைக்காயின் தங்கை என்று நினைத்துக்கொண்டால் சரி. பாசிப்பருப்புக் கூட்டு நன்றாக வரும். பொரியலுக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடும். சாம்பாரில் கரைந்து காணாமல் போகும். துருவி அடை மாவில் கலப்பதும், தோலோடு வதக்கிப் பீர்க்கங்காய்த் தோல் துவையல் மாதிரி அரைப்பதும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன. கோலத்துக்கு மிஞ்சிய பூவைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் மகள் மற்றதைத் தொடுவதில்லை.

எந்தக் காயையும் அரிவதற்கு முன் அம்மா ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். சுரைக்காய்க்கும் அப்படித்தான். இதைச் சாதாரணப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் எப்போதாவது தலைகாட்டும் கடும் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. 2015-இல் ஜெர்மனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியையும் பிடுங்கிவிடுங்கள். விதை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அழகுக்காக வளர்க்கும் குட்டி அலங்காரப் பூசணிகள் பலவும் சுக்கினியின் இனமேதான், பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும். கலப்பின் கசப்பு இந்த வருடக் காயில் தெரியாது, அந்த விதையில் இருந்து வரும் அடுத்த வருடக் காயில்தான் தெரியும். அரசாணி வேறு இனம், அவ்வளவு எளிதில் கலக்காது. பூசா அலங்கார் மாதிரியான கலப்பின ரகங்களில் விதை எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. கலப்பினம் இல்லாத ஆஸ்திரேலியன் கிரீன் மாதிரி ரகம் என்றால் எடுக்கலாம். ஆணும் பெண்ணும் விரியும் முன்பே கிளிப் போட்டு, நாமே தடவி, மறுபடி மூடிவிட்டு, அந்த ஒரு காயை மட்டும் செடி காயும்வரை விட வேண்டும். தைப்பூசத்து உலக்கையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அது கலப்பின ரகம் என்பது விதையை எல்லாம் கழுவிக் காயவைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வறுத்துத் தின்றோம், மோசமில்லை.

பரங்கி என்ற பெயரே அது கப்பலில் வந்ததைச் சொல்லிவிடுகிறது. வெள்ளைக்காரனைப் பரங்கி என்றோம், அவன் கொண்டுவந்த காயையும் பரங்கி என்றோம். சாணிப் பிள்ளையாரின் தலையில் இருக்கும் பூவும் சுக்கினியின் ஊரான அதே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதான். இதை ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். “வந்தா வந்துட்டுப் போகட்டும். நம்மூட்டு வாசல்ல இருக்குதல்லோ” என்றார். பிறகு புள்ளி வைத்தபடியே, “வர்ற வருசம் ரெண்டு செடிய எனக்குன்னு தனியா வெச்சுரு கண்ணு, அந்தப் பக்கம் நீ பிரஷ்ஷத் தூக்கிட்டு வரப்படாது” என்றார். போன நவம்பரில் ஆறு கப்புக்குப் பதில் எட்டுக் கப்பில் விதை போட்டேன்.